குழந்தையே வேண்டாமா, இந்தக் குழந்தை வேண்டாமா?

இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் கருவுற்று எட்டு வாரம் ஆகிறது. இப்போது ஒரு பிள்ளையை வளர்க்கும் நிலையில் தான் இல்லை என்று முடிவுசெய்து கருவைக் கலைக்கிறார். இரண்டாமவர் குழந்தைக்காக ஆசையாகக் காத்திருந்தவர். பதின்மூன்றாம் வாரத்தில் வந்த பரிசோதனை முடிவு, கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் வளர்ச்சிக் குறைபாடு) என்கிறது. அவரும் கலைக்கிறார்.

மருத்துவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலை. பல நாடுகளின் சட்டத்துக்கும் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் சொன்னது "குழந்தை வேண்டாம்". இரண்டாமவர் சொன்னது "இந்தக் குழந்தை வேண்டாம்". கருக்கலைப்பைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள்கூட இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை வெவ்வேறு கேள்விகள். முதலில் பழைய கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

"மனிதர்" என்ற சொல்லின் இரட்டை வேடம்

கருக்கலைப்பை எதிர்ப்பவர்களின் அடிப்படை வாதம் மூன்றே வரிதான். குற்றமற்ற மனிதரைக் கொல்வது தவறு. கருவில் இருப்பது குற்றமற்ற மனிதர். ஆகவே கருவைக் கலைப்பது தவறு.

கேட்டவுடன் மறுக்க முடியாத மாதிரி இருக்கும். ஆனால் "மனிதர்" என்ற சொல் முதல் வரியில் ஒரு பொருளிலும் இரண்டாம் வரியில் வேறு பொருளிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கருவில் இருப்பது உயிரியல்படி மனித உயிர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கருமுட்டையும் விந்தணுவும் சேர்ந்ததுமே, தாயுடையதும் அல்லாத, தந்தையுடையதும் அல்லாத, தனக்கென்று ஒரு மரபணுத் தொகுதியோடு அது வளரத் தொடங்கிவிடுகிறது. "அது வெறும் செல் உருண்டை, என் தோல் செல்லைப் போல" என்று சொல்வது பொருந்தாது. தோல் செல் தானாக ஒரு முழு உடலாக வளராது, கரு வளரும்.

முதல் வரியில் இருக்கும் "மனிதர்" வேறு. அங்கே நாம் சொல்ல வருவது, உரிமைகள் உடைய, நாம் மதித்தே ஆக வேண்டிய ஒருவரை. தத்துவத்தில் இவரை "நபர்" என்கிறார்கள். நபராக இருக்க மனித உடல் தேவையா என்பதே கேள்விக்குரியது. சட்டம் ஒரு கம்பெனியை நபராக ஏற்கிறது. நியூசிலாந்து 2017-இல் வாங்கநுய் ஆற்றுக்கே சட்டப்படி நபர் என்ற தகுதியைக் கொடுத்தது. மாறாக, மூளைச்சாவு அடைந்த உடலில் இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் "அவர் போய்விட்டார்" என்றுதான் நாம் சொல்கிறோம்.

நம் இலக்கணத்திலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. உயர்திணை, அஃறிணை என்று உலகத்தையே இரண்டாகப் பிரித்த மொழி இது. மக்களைக் குறிப்பது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. அப்படியானால் "குழந்தை அழுகிறது" என்று ஏன் சொல்கிறோம்? மகவு, குழவி போன்ற சொற்கள் மக்களைக் குறித்தாலும் அஃறிணை போலவே முடியும் என்று தொல்காப்பியம் தனியாக ஒரு நூற்பாவில் சொல்லிவைத்திருக்கிறது. குழந்தையை "அது" என்று சொல்லிக்கொண்டே அதற்காக உயிரையும் கொடுப்பவர்கள் நாம். ஆகவே சொல்லை வைத்துத் தகுதியை அளக்க முடியாது. "கரு" என்று சொன்னால் பொருள் போலவும் "பாப்பா" என்று சொன்னால் ஆள் போலவும் தோன்றுவது நம் வாயின் வேலைதான்.

கோட்டை எங்கே போடுவது?

சரி, நபர் என்ற தகுதி எப்போது வருகிறது? கருத்தரிப்பிலிருந்து பிறப்பு வரை பல இடங்களில் கோடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கருத்தரித்த கணமே என்பது ஒரு பதில். இதன் பலம், மற்ற எல்லாக் கோடுகளையும்விட இது தெளிவானது. சிக்கல்களும் உண்டு. சுமார் 14 நாள் வரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். முதல் நாளிலேயே ஒரு நபர் இருந்தார் என்றால், பிரிந்த பிறகு அவர் எங்கே போனார்? ஆய்வகங்களில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம். பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு 1984-இல் இதைப் பரிந்துரைத்தது. 1990-இல் அது சட்டமானது.

வயிற்றுக்கு வெளியே பிழைக்கக்கூடிய நிலை என்பது இன்னொரு கோடு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973-இல் கருக்கலைப்பு உரிமையை ஏற்றபோது இந்தக் கோட்டைத்தான் பிடித்துக்கொண்டது. (அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்துவிட்டது.) அன்றைக்கு இது சுமார் 28 வாரம் என்று கருதப்பட்டது. இன்று நல்ல கருவிகள் உள்ள மருத்துவமனையில் 22, 23 வாரத்தில் பிறந்த குழந்தைகள்கூடப் பிழைப்பதுண்டு. இங்கேதான் எனக்கு உதைக்கிறது. ஒரே வயதுள்ள இரண்டு கருக்களில், நகரத்தில் இருப்பது நபர், மலைக்கிராமத்தில் இருப்பது நபரல்ல என்று ஆகிவிடுமே! ஓர் உயிரின் மதிப்பைப் பக்கத்தில் இருக்கும் இயந்திரம் எப்படித் தீர்மானிக்கும்?

வலியை உணரும் திறன் என்பார்கள் சிலர். வலியை உணர்வதற்கான மூளை இணைப்புகள் சுமார் 24 வாரத்துக்கு முன் அமைவதில்லை என்பது பரவலான மருத்துவக் கருத்து; அதற்கு முன்பே ஏதோ ஓர் உணர்வு இருக்கலாம் என்கிற ஆய்வாளர்களும் உண்டு. இந்தக் கோட்டில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் வலியை ஆடும் மாடும் உணர்கின்றன. மனிதக் கருவுக்கு மட்டும் தனி உரிமை வேண்டுமென்றால் வலி மட்டும் போதாது.

அப்படியானால் அறிவைப் பிடிப்போம் என்றார் தத்துவவாதி மேரி ஆன் வாரன். 1973-இல் அவர் ஐந்து அடையாளங்களைச் சொன்னார்: உணர்வு, சிந்தனை, தானாக முனைந்து செயல்படுவது, கருத்தைப் பரிமாறுவது, "நான்" என்ற தன்னறிவு. இவற்றில் எதுவுமே இல்லாத ஒன்றை நபர் என்று சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. கரு இந்தத் தேர்வில் தோற்றுவிடும். சிக்கல் என்னவென்றால், நேற்றுப் பிறந்த குழந்தையும் ஏறக்குறைய தோற்றுவிடும். அதற்கு முந்தைய ஆண்டே மைக்கேல் டூலி என்ற இன்னொரு தத்துவவாதி இப்படி ஓர் அளவுகோலைச் சொல்லி, பிறந்த சிசுவுக்கும் வாழும் உரிமை இன்னும் வரவில்லை என்ற முடிவையும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். ஒரு வாதம் நம்மை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், வாதத்தில்தான் எங்கோ கோளாறு என்று சந்தேகப்படுவதே சரி என்று நினைக்கிறேன்.

இதனால்தான் பலர், கோடே வேண்டாம், சரிவுப் பாதை போதும் என்கிறார்கள். கரு வளர வளர அதன் மதிப்பும் கூடும்; எட்டாம் வாரத்தில் கலைப்பதும் முப்பதாம் வாரத்தில் கலைப்பதும் ஒன்றல்ல. நம் மனதுக்கு இதுதான் நெருக்கமாகப் படுகிறது. பெரும்பாலான நாடுகளின் சட்டங்களும் வாரக் கணக்கில்தான் ஓடுகின்றன. ஆனால் மதிப்பு ஏறும் ஒன்று என்று ஒப்புக்கொண்டால், பிறந்த பிறகு மட்டும் அது ஏன் எல்லோருக்கும் சமமாக நின்றுவிடுகிறது என்று எதிர்த்தரப்பு கேட்கும். நல்ல கேள்வி. நான் பார்த்தவரை, அதற்குச் சட்டென்று பதில் சொன்னவர்கள் யாரும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு புகழ்பெற்ற கற்பனையும் வரும். ஆய்வகம் தீப்பற்றி எரிகிறது. ஒரு மூலையில் அழும் ஐந்து வயதுச் சிறுமி, இன்னொரு மூலையில் உறைநிலையில் ஆயிரம் கருக்கள் இருக்கும் பெட்டி. எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்? எல்லோரும் சிறுமியைத்தான் தூக்குவார்கள். இதைச் சொல்லிவிட்டு வாதம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுபவர்கள் அதிகம். ஆனால் யாரை முதலில் காப்பாற்றுவது என்பது ஒன்று, யாரைக் கொல்லலாம் என்பது இன்னொன்று. என் மகளை முதலில் தூக்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உரிமை இல்லை என்றா பொருள்?

நபரா இல்லையா என்பதைத் தாண்டிப் போன இருவர்

கோடு போடும் சண்டையையே ஓரங்கட்டிய இரண்டு கட்டுரைகள் இந்தத் துறையில் உண்டு. எதிரெதிர்த் திசையில் போனவை.

1971-இல் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற தத்துவவாதி, "சரி, கரு முதல் நாளிலிருந்தே நபர் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஆரம்பித்தார். பிறகு ஒரு கதை சொன்னார். காலையில் கண் விழிக்கிறீர்கள். உங்கள் உடலோடு ஒரு பிரபல வயலின் கலைஞர் குழாய்களால் இணைக்கப்பட்டிருக்கிறார். அவருடைய சிறுநீரகங்கள் பழுது. உங்கள் ரத்தம் மட்டும்தான் அவருக்குப் பொருந்தும். இசை ரசிகர்கள் உங்களைக் கடத்திவந்து இணைத்துவிட்டார்கள். ஒன்பது மாதம் படுத்திருந்தால் அவர் பிழைப்பார், குழாயைப் பிடுங்கினால் இறப்பார். அவர் நபர்தான், வாழும் உரிமை உள்ளவர்தான். அதற்காக நீங்கள் படுத்தே கிடக்க வேண்டுமா?

முதல் தடவை படிக்கும்போது வேடிக்கைக் கதை போலத்தான் இருக்கும். அதன் அடியில் இருக்கும் கருத்து ஆழமானது: வாழும் உரிமை என்பது, வாழ்வதற்காக இன்னொருவர் உடலைப் பயன்படுத்தும் உரிமை ஆகிவிடாது. மறுப்புகளும் உடனே வந்தன. கடத்தல் என்பது பாலியல் வன்கொடுமையால் உண்டான கருவுக்குத்தான் பொருந்தும். தெரிந்தே உறவு கொண்டவருக்குப் பொறுப்பு இல்லையா? வயலின்காரர் அந்நியர், கரு சொந்தப் பிள்ளை அல்லவா? குழாயைப் பிடுங்குவது சாகவிடுவது, கலைப்பது கொல்வது இல்லையா? தாம்சனே சில எல்லைகளை வைத்தார். ஒரே ஒரு மணி நேரம் இணைந்திருந்தால் போதும் என்றால் மறுப்பது அநாகரிகம் என்று ஒப்புக்கொண்டார். இன்னொன்றையும் சொன்னார், பலர் கவனிக்காமல் விடுவது: விலகிக்கொள்ளும் உரிமை உண்டே தவிர, விலகிய பிறகும் அந்த உயிர் பிழைத்துவிட்டால் அது சாகத்தான் வேண்டும் என்று கோரும் உரிமை கிடையாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1989-இல் டான் மார்க்விஸ் என்ற தத்துவவாதி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். கடவுளையும் ஆன்மாவையும் நபரையும் விடுங்கள், உங்களைக் கொல்வது ஏன் தவறு என்று மட்டும் யோசியுங்கள் என்றார். உங்கள் முன்னால் இருக்கும் எதிர்காலத்தை, அதில் வரப்போகும் சந்தோஷங்களை, உறவுகளை, வேலைகளை அது பறித்துவிடுகிறது. அதே எதிர்காலம் கருவுக்கும் இருக்கிறது. ஆகவே அதைக் கலைப்பதும் அதே அளவு தவறு. வாரன் தடுமாறிய பச்சிளங்குழந்தை விஷயத்தில் இவர் தடுமாற வேண்டியதில்லை. அதற்கும் எதிர்காலம் உண்டு. மதம் சாராத வாதங்களில் கருக்கலைப்புக்கு எதிராக வந்தவற்றில் இதுதான் வலுவானது என்பது என் கணிப்பு. பலவீனம் ஒன்று உண்டு. இன்னும் எதையுமே உணராத ஒன்றுக்கு அந்த எதிர்காலம் "சொந்தம்" என்று எந்தப் பொருளில் சொல்கிறோம்? தொலைந்ததை உணர ஆளே இல்லாதபோது தொலைத்தவர் யார்?

தட்டில் இருக்கும் கரு

இதுவரை சொன்னதெல்லாம் "குழந்தை வேண்டாம்" என்ற கேள்வி. அப்புறம் தொழில்நுட்பம் வந்தது.

சோதனைக்குழாய் முறையில் முதல் குழந்தை 1978 ஜூலையில் பிரிட்டனில் பிறந்தது. 1990-இல், கருப்பையில் வைப்பதற்கு முன்பே மரபணு பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருக்களிலிருந்து முதல் குழந்தைகள் பிறந்தன. ஆண் பிள்ளைகளை மட்டும் கடுமையாகத் தாக்கும் பரம்பரை நோய் உள்ள குடும்பங்களுக்காக, பெண் கருக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று பொதுவாக ஐந்தாம் நாளில், வெளிப்புற அடுக்கிலிருந்து சில செல்களை எடுத்துச் சோதிக்கிறார்கள். ஏற்கெனவே கருவுற்றவர்களுக்கு இன்னும் எளிது: 2011 முதல், தாயின் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துணுக்குகளை வைத்து, பத்தாம் வாரத்திலேயே டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு உண்டா என்று சொல்லும் சோதனை நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இது தேர்வு, திருத்தம் கிடையாது. 2018-இல் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவின் மரபணுவையே வெட்டி மாற்றி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்கவைத்ததாக அறிவித்து, பிறகு மூன்றாண்டு சிறைத்தண்டனை பெற்றார். அது வேறு கதை. தேர்வில் எந்தக் கருவும் மாறுவதில்லை; ஐந்து கருக்கள் இருந்தால் ஒன்று கருப்பைக்குள் போகிறது, மற்றவை உறைபெட்டிக்கோ குப்பைக்கோ போகின்றன.

இப்போது தாம்சனுக்குத் திரும்புவோம். கண்ணாடித் தட்டில் இருக்கும் கரு யாருடைய உடலையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. யாரும் குழாயோடு கட்டப்படவில்லை. ஆகவே "என் உடல், என் உரிமை" என்ற மிக வலிமையான வாதத்துக்கு இங்கே முழு வேலை இல்லை. எந்தக் கருவையும் தன் வயிற்றில் வைக்கச் சொல்லி ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியாதுதான். ஆனால் ஐந்தில் எதை வைப்பது என்ற தேர்வுக்கு அந்த உரிமை காரணம் சொல்லாது. கருவின் தகுதி என்ன, எந்தக் காரணத்துக்காக ஒதுக்குகிறோம் என்ற இரண்டும்தான் மிச்சம். இரண்டாவது பெண்ணின் நிலையும் பாதி இப்படித்தான்: அவர் தாய்மையைச் சுமக்கத் தயாராகவே இருந்தார். சட்டப்படி அவருக்கும் அதே உரிமை இருக்கலாம், இருக்க வேண்டும் என்றும் சொல்லலாம். ஆனால் அவருடைய காரணம் சுமையைப் பற்றியது மட்டுமல்ல, சுமக்கப்படுபவரைப் பற்றியதும்தான்.

"குழந்தையின் நல்லதுக்குத்தானே" என்பது வழக்கமான பதில். இதைத் தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984-இல் புரட்டிப்போட்டார். அவர் சொன்ன மாதிரியான ஒரு நிலைமை: ஒரு பெண் இப்போது கருவுற்றால் குழந்தைக்கு ஒரு குறைபாடு இருக்கும், சில மாதம் பொறுத்தால் இருக்காது. பொறுப்பதுதான் சரி என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பொறுத்தால் பிறப்பது அதே குழந்தை இல்லை, வேறு முட்டை, வேறு விந்தணு, வேறு ஆள். அவசரப்பட்டுப் பெற்றுவிட்டார் என்றால், குறைபாட்டோடு பிறந்த பிள்ளை "எனக்குத் தீங்கு செய்துவிட்டாய்" என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. அவர் பொறுத்திருந்தால் இந்தப் பிள்ளையே இருந்திருக்காது. வாழவே முடியாத அளவு துன்பமான நோய் என்றால் ஒழிய, யாருக்கும் தீங்கு நடக்கவில்லை.

கருத் தேர்வும் இப்படித்தான். "நோயைத் தடுத்தோம்" என்று சொல்கிறோம். நடந்தது, நோய் உள்ள ஒருவருக்குப் பதில் நோய் இல்லாத வேறொருவரைக் கொண்டுவந்தது. டே-சாக்ஸ் போல, சில வயதுக்குள் துன்பப்பட்டு இறக்கவைக்கும் நோய்களில் இந்த வித்தியாசம் யாரையும் உறுத்தாது. டவுன் சிண்ட்ரோமிலோ காது கேளாமையிலோ அப்படி விட்டுவிட முடியவில்லை. அவர்கள் வாழ்கிறார்கள், சிரிக்கிறார்கள், தங்கள் வாழ்க்கை நல்ல வாழ்க்கை என்று தாங்களே சொல்கிறார்கள்.

தீங்கு இல்லாவிட்டாலும் கடமை உண்டு என்றார் அறவியலாளர் ஜூலியன் சாவுலெஸ்கு. 2001-இல் அவர் வைத்த கருத்து: கிடைக்கும் கருக்களில், கையில் உள்ள தகவலின்படி மிக நல்ல வாழ்க்கை வாழக்கூடியதைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் தார்மீகப் பொறுப்பு. நோய்க்கு மட்டும் என்று அவர் நிறுத்தவில்லை. எது "மிக நல்ல" வாழ்க்கை என்பதை யார் சொல்வது என்பதில்தான் எனக்கு இந்த வாதம் நொண்டுகிறது.

தொடக்கத்தில் சொன்ன பிரிவினை ஏட்ரியன் ஆஷ் உடையது. அமெரிக்க அறவியலாளர், பார்வையற்றவர், கருக்கலைப்பு உரிமையை உறுதியாக ஆதரித்தவர். குழந்தையே வேண்டாம் என்பதை ஒப்புக்கொண்ட அவர், இந்தக் குழந்தை வேண்டாம் என்பதைக் கேள்வி கேட்டார். அவருடைய புகார்: அறிக்கையில் வரும் ஒற்றை வரி, வரப்போகும் முழு மனிதரையும் மறைத்துவிடுகிறது. அந்தப் பிள்ளை பிடிவாதக்காரனாக இருக்கலாம், பாட்டுப் பிரியனாக இருக்கலாம். நமக்குத் தெரிவதெல்லாம் ஒரு குரோமோசோம்.

இதற்கும் மறுப்பு உண்டு, லேசான மறுப்பும் இல்லை. கருவுற்றவர்கள் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடுவது முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கத்தான். அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது பெண் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைக் கேவலமாக நினைத்தார் என்றும் சொல்ல முடியாது. நாற்பது வயதில், கைப்பிடிக்க ஆளில்லாமல், தனக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பயந்திருக்கலாம். அந்தப் பயத்தில் பாதியைச் சமூகம்தான் உண்டாக்கியது என்பார்கள் மாற்றுத்திறனாளி உரிமைக்காரர்கள், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சமூகம் திருந்தும் வரை அவர் காத்திருக்க முடியாது.

தனித்தனி முடிவுகள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாலினத் தேர்வுதான் கொடுமையான உதாரணம். பெண்கள் 10 கோடிக்கு மேல் "காணாமல்" போயிருக்கிறார்கள் என்று அமர்த்தியா சென் 1990-இல் எழுதினார். அதில் சிசுவிலிருந்தே நடந்த புறக்கணிப்பும் சேர்த்தி. கருவின் பாலினத்தைக் காட்டும் ஸ்கேன் இந்த வேலையை இன்னும் எளிதாக்கியது. ஒவ்வொரு குடும்பமும் "எங்கள் சொந்த விஷயம்" என்றுதான் சொல்லியிருக்கும். சட்டத்துக்கு இங்கே ஒரு சங்கடம்: காரணம் மனதுக்குள் இருக்கிறது, அதை எந்த மருத்துவரும் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தியாவின் 1994 சட்டம் காரணத்தைத் தேடாமல், பாலினம் என்ற தகவல் வெளியே வருவதையே தடுக்கிறது.

கடைசியாக ஒரு நிஜச் சம்பவம். 2002-இல் அமெரிக்காவில் இணையராக வாழ்ந்த காது கேளாத இரண்டு பெண்கள், தங்களைப் போன்ற பிள்ளை வேண்டும் என்று, பரம்பரையாகக் காது கேளாத ஒருவரின் விந்தணுவைக் கேட்டு வாங்கிக் குழந்தை பெற்றது செய்தியானது. உலகமே திட்டியது. ஆனால் பார்ஃபிட்டின் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு என்ன தீங்கு? வேறு விந்தணுவாக இருந்தால் அவன் பிறந்திருக்கவே மாட்டான். சைகை மொழியும் அதைச் சுற்றிய வாழ்வும் தங்கள் பண்பாடு, குறை என்று சொல்வது மற்றவர்கள்தான் என்பது அவர்கள் நிலைப்பாடு. காது கேட்கும் பெற்றோர் காது கேட்கும் கருவைத் தேர்ந்தெடுத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை.

2008-இல் பிரிட்டன் இதற்குச் சட்டத்திலேயே பதில் எழுதியது. கடுமையான குறைபாடு உள்ளதாகத் தெரிந்த கருவை, அப்படி இல்லாத கருவைவிட விரும்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது. காது கேளாதோர் அமைப்புகள் எதிர்த்தன. பிரிவு நிறைவேறியது. அந்த வாக்கியத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: குறைபாடு இல்லாத கருவை விரும்பித் தேர்ந்தெடுப்பதைப் பற்றி அந்தப் பிரிவு ஒன்றுமே சொல்லவில்லை.